மாத்திரைக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரம்

என் மதினி என்னைத் திட்டுவதை நிறுத்திய வாரத்தில்தான் அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எனக்குப் பட்டது.

மதினி என்றால் என் அண்ணன் பெண்டாட்டி. நான் அவளுக்கு நாத்தனார். முப்பது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தோம். அவளுக்கு என்னைப் பிடிக்காது, எனக்கும் அவளைப் பிடிக்காது. இதில் மறைக்க ஒன்றும் இல்லை. கட்டியவன் வேண்டாம் என்று விட்டுப் போனதும் ஒரு டிரங்குப் பெட்டியோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றேன். அண்ணன் வாயைத் திறக்கவில்லை. அவள் திறந்தாள். "எம்புட்டு நாளைக்கு?" என்று கேட்டாள். அதற்குப் பதில் எனக்கே தெரியாது. பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தேன். அன்றைக்கு ஆரம்பித்த சண்டை, அண்ணன் செத்த பிறகும் நிற்கவில்லை. அவள் என்னை "ஏட்டி" என்பாள். நான் அவளை நீங்க என்பேன். சண்டையிலும் நீங்கதான். "நீங்க ஒரு மனுசியா, நெஞ்சுல ஈரம் இருக்கா ஒங்களுக்கு?" என்று மரியாதையோடுதான் கத்துவேன்.

அந்த வாரம் ஒரு காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பின்னால் துணி அலசிக்கொண்டிருந்தேன். தீய்ந்த வாடை வந்து உள்ளே ஓடினால், அவள் அடுப்புக்கு முன்னாலேயே நிற்கிறாள். பால் பொங்கி வழிந்து அடுப்பெல்லாம் கருகிக் கிடந்தது. அணைக்கவில்லை. என்னைப் பார்த்து, "பால் பொங்கிருச்சு" என்றாள். பொங்கலன்று சொல்வதுபோலச் சந்தோஷமாகச் சொன்னாள்.

மற்ற நாளாக இருந்தால் அந்தப் பாலுக்கு என் ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பாள். அன்று ஒரு வசவுகூட வரவில்லை.

அடுத்தது வேன். மதினி இருபத்தெட்டு வருடம் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னினாள். சின்ன வெடிகளின் திரியைச் சேர்த்து நூலால் பின்னிச் சரமாக்குகிற வேலை. அவள் விரல் போகிற வேகத்தில் நூல் கண்ணுக்குத் தெரியாது. வேலையை விட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. ஒரு நாள் காலையில் ஆளைக் காணோம். தேடிப் போனால், தெருமுனையில் டிபன் வாளியோடு நிற்கிறாள். கம்பெனி வேன் வந்து நின்றது. ஏறப் போனவளை உள்ளே இருந்த பெண்கள் பிடித்து நிறுத்தினார்கள்.

"பெரியம்மா, எங்கன கிளம்பிட்டீக? வேலைய விட்டு எம்புட்டு வருசமாச்சு!"

"சீசன் நேரத்துல லீவு போட்டா போர்மேன் வைவாருல்ல?"

"அந்த போர்மேன் செத்தே மூணு வருசமாச்சு. அவரு வாயில வசவு வாங்கணும்னா நீங்கதான் மேல போகணும்."

வேன் முழுக்கச் சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்குக் கூட்டி வந்து டிபன் வாளியைத் திறந்து பார்த்தேன். கழுவாத உருளைக்கிழங்கு இரண்டு உள்ளே கிடந்தது.

தெருவில் எல்லோரும் ஒரே பாட்டுத்தான் பாடினார்கள். வயசாகிவிட்டது. அறுபத்தேழு என்ன அப்படி ஒரு வயது? எங்கள் அம்மா எண்பது வயதில் யார் வீட்டுக் கல்யாணத்தில் யாருக்கு மரியாதை குறைந்தது என்று தேதி வாரியாகச் சொல்வாள். இவளுக்கு மட்டும் எப்படி? சரி, வயசு என்றே வைத்துக்கொள்வோம். அவள் இளைத்துத் துரும்பாகிவிட்டாளே, ஜாக்கெட் தோளில் நிற்கவில்லையே, அது எதனால்? "புருசன் போன கவல." கை நடுங்குகிறதே? "வயசு." மார்கழியிலும் வேர்த்துக்கொண்டு மின்விசிறியைப் போடச் சொல்கிறாளே? "ஒடம்புச் சூடு, எளநீ வாங்கிக் குடுங்க." ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தவர் யாரும் இல்லை. நானும் பார்க்கவில்லை. அதைத்தான் எழுத வந்திருக்கிறேன்.

பக்கத்தில் இருந்த கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அந்த டாக்டர் இரண்டு நிமிடம் பார்த்தார். மறதி நோய், இதற்கு மருந்து கிடையாது என்று சொல்லி வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மருந்து கிடையாதென்றால் வைட்டமின் எதற்கு என்று கேட்டேன். அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அடித்தார்.

அவளுடைய மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். போனில் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து அவனே கூப்பிட்டான்.

"அத்த, நான் செல்லுல தேடிப் பாத்தேன். தைராய்டு கொறஞ்சா மறதி வரும்னு போட்டிருக்கு. அம்மாவுக்குத் தைராய்டு இருக்குல்ல, மாத்திரைய ஒழுங்கா போடுறாகளா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"ஏலே, ஆறு வருசமா ஒங்கம்மாவுக்கு என் கையாலதான் மாத்திர குடுக்கேன். ஒரு நாள் தவறுனது கெடையாது. ஓசூர்ல ஒக்காந்துக்கிட்டு எனக்குப் பாடம் எடுக்காத."

நான் சொன்னது பொய் இல்லை. ஒரு நாளும் தவறவில்லை. அதுதான் தவறு என்று எனக்கு அப்போது தெரியாது.

மாத்திரைக் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும். அவளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும்போது உடம்பு ஊதியது. முகம் வீங்கியது. எந்நேரமும் அசதி. தைராய்டு குறைவு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். அந்தச் சின்ன டப்பாவின் மேல் ஐம்பது என்று நம்பர் போட்டிருக்கும். அவள் போன வேனிலேயே நான்கைந்து பெண்களிடம் அதே டப்பா இருந்தது. "ஒனக்கு எத்தன? எனக்கு எழுபத்தஞ்சு" என்று வளையல் அளவைச் சொல்வதுபோலப் பேசிக்கொள்வார்கள்.

வேன் ஆறரைக்கு வரும். அதற்குள் சோறு பொங்கி, குழம்பு வைத்து, டிபன் வாளியில் அடைத்து, குளித்துக் கிளம்ப வேண்டும். ஓட்டத்தின் நடுவில் ஒரு டம்ளர் டீ. அந்த டீயிலேயே தைராய்டு மாத்திரை. அதோடு மூட்டுவலிக்குக் கொடுத்த கால்சியம் மாத்திரையும். ஒரே வாய், ஒரே முழுங்கு. அந்த வேனில் போன அத்தனை பெண்களும் அப்படித்தான் விழுங்கினார்கள். யாரைக் கேட்டாலும், "மாத்திர போடுறீகளா?" "போடுறேன்."

டாக்டரும் அதைத்தான் கேட்டார். எதோடு போடுகிறாய் என்று கேட்கவில்லை. ரத்தம் பார்த்தால் தைராய்டு இன்னும் குறைவாகவே இருக்கும். ஐம்பது எழுபத்தைந்து ஆனது. எழுபத்தைந்து நூறு ஆனது. கடைசியில் நூற்று இருபத்தைந்து. பாதி மாத்திரையை டீயும் கால்சியமும் வயிற்றிலேயே மடக்கிப் போட்டுக்கொண்டிருந்தன என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

பிறகு அண்ணன் செத்தான். அவள் வேலைக்குப் போவதை நிறுத்தினாள். நானும் நிறுத்திவிட்டேன். நான் சிவகாசியில் ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸில் ஷீட் செக்கிங் பார்த்தவள். பட்டாசுப் பெட்டி லேபிள் அச்சாகி வரும்போது கலர் விலகியிருக்கிறதா, எழுத்து அடைத்திருக்கிறதா என்று ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்துக் கழிக்கிற வேலை. இருபத்தாறு வருடம் அடுத்தவன் தப்பைக் கண்டுபிடித்தே சாப்பிட்டவள். வீட்டிலும் அந்தப் புத்தி போகவில்லை. ஒரு நாள் பேப்பரில் ஒரு டாக்டர் எழுதியிருந்ததைப் படித்தேன். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு டீ காப்பி எதுவும் கூடாது, கால்சியத்தை நான்கு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும்.

பேப்பரை எடுத்துக்கொண்டு நேரே அவளிடம் போனேன். "இத்தன வருசமா தப்பாப் போட்டிருக்கீக மதினி" என்றேன். அப்படிச் சொல்வதில் எனக்கு ஒரு ஆனந்தம் இருந்தது. அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

மறுநாளே டப்பாவை என் கைக்கு மாற்றினேன். காலை ஐந்தரைக்கு மாத்திரையும் ஒரு செம்புத் தண்ணீரும் கொடுப்பேன். ஆறரைக்குத்தான் டீ. அந்த ஒரு மணி நேரம் எங்கள் வீட்டில் நடந்த சண்டை வேறு எந்த நேரத்திலும் நடந்ததில்லை.

"ஏட்டி, டீ போட்டியா?"

"இன்னும் நாப்பது நிமிசம் இருக்கு."

"என் வீட்டு அடுப்பு, என் வீட்டுப் பாலு. நீ யாருட்டி எனக்கு மணி பாக்க?"

"ஒங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

"எனக்கு நல்லது செய்யிறவ மூஞ்சியா இது? கண்ணாடியப் பாரு."

டீத்தூள் டப்பாவை ஒளித்து வைத்தேன். அவள் கண்டுபிடித்தாள். இடத்தை மாற்றினேன். பக்கத்து வீட்டில் போய் டீ கேட்டாள், அங்கேயும் போய்க் கொடுக்கக் கூடாது என்று சொல்லி வைத்தேன். ஒரு மாதத்தில் படிந்துவிட்டாள். நான் ஜெயித்தேன். ஆறு வருடம் ஒரு நாள் பிசகாமல், நூற்று இருபத்தைந்து மாத்திரையைச் சரியான முறையில், முழுசாக அவள் ரத்தத்துக்குள் அனுப்பினேன். மாத்திரை பாதிகூட ரத்தத்தில் ஏறாத காலத்துக்கு என்று எழுதிய அளவை ஏறுகிற காலத்திலும் கொடுத்தேன். ரத்தம் பார்க்கவில்லை. டப்பா தீர்ந்தால் காலி டப்பாவைக் கொண்டுபோய் மெடிக்கல் ஷாப்பில் நீட்டுவேன். அவன் அதே நம்பரில் புது டப்பா எடுத்துத் தருவான். டாக்டர் சீட்டு எங்கே என்று ஒரு தடவைகூடக் கேட்டது கிடையாது. எங்கள் ஊரில் காலி டப்பாதான் சீட்டு.

விருதுநகரில் நல்ல டாக்டரம்மா ஒருத்தர் இருப்பதாகச் சொன்னார்கள். கடைசி முயற்சியாக அங்கே கூட்டிப் போனேன். சின்ன வயது. மதினியிடம் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். "நீங்கதான் படிச்சவுக, ஒங்களுக்குத் தெரியாதா?" என்று மதினி திருப்பிக் கேட்டாள். டாக்டரம்மா சிரித்துவிட்டு, இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னார். மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவள் விரல்களின் மேல் பரப்பி வைத்தார்.

தாள் நடுங்கியது. காற்றில் ஆடுவதுபோல் இல்லை. மெஷினில் அச்சுக்குக் கிளம்புகிற தாள் மாதிரி ஓரமெல்லாம் படபடவென்று துடித்தது. தாளோடு வாழ்ந்தவள் நான். அந்தத் துடிப்பு நல்லதில்லை என்று தெரிந்தது.

"என்ன மாத்திரை போடுறாங்க?"

டப்பாவை நீட்டினேன். டாக்டரம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கடைசியா எப்ப ரத்தம் டெஸ்ட் பண்ணீங்க?"

நான் விரல்விட்டு எண்ணினேன். அண்ணன் உயிரோடு இருந்தபோது.

அவர் என்னைத் திட்டவில்லை. உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். மறுநாள் ரிசல்ட் வந்தது. அந்த டெஸ்டின் நம்பர் தலைகீழ்க் கணக்கு. மாத்திரை போதவில்லை என்றால் நம்பர் ஏறும், அதிகமானால் இறங்கும். அவளுடையது இறங்கித் தரையில் கிடந்தது. நான் டீக் கதையை முழுசாகச் சொன்னேன். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்.

"நீங்க கொடுத்த முறை சரிதாம்மா. அப்படித்தான் கொடுக்கணும். முறையை மாத்துனா ஆறு வாரத்துல ரத்தம் பாத்து அளவைக் குறைச்சிருக்கணும். அது நடக்கல."

"அப்போ இந்த மறதி மாத்திரையால வந்ததா?"

"ஒரு ஆளைக் காட்டி இதனாலதான்னு சொல்ல முடியாதும்மா. வயசானவங்களுக்குத் தைராய்டு ரொம்ப நாள் கூடுதலாவே இருந்தா மறதி நோய் வர்ற வாய்ப்பு அதிகம்னு பாத்திருக்காங்க. குறைஞ்சு கிடந்தாலும் மூளை மந்தமாகும். இவங்க முதல்ல பல வருசம் குறைவா இருந்திருக்காங்க, அப்புறம் பல வருசம் கூடுதலா. வேற காரணமும் இருக்கலாம். இது இல்லாமயும் வந்திருக்கலாம்."

"திரும்ப வருமா?"

"அளவைக் குறைச்சிருக்கேன். நடுக்கம் போகும். தூக்கம் வரும். உடம்பு தேறும். புத்தி எவ்வளவு திரும்பும்னு மூணு மாசம் கழிச்சுப் பாப்போம்."

மூன்று மாதம். மகன் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டான். மூன்று மாதத்தில் தேறினால் அம்மா இங்கேயே இருக்கட்டும், தேறவில்லை என்றால் ஓசூருக்குக் கூட்டிப் போய்விடுவான். அங்கே அவன் குடும்பம் இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கு அங்கே இடம் கிடையாது என்பதை அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த மூன்று மாதம் நான் அவளைப் பார்த்த மாதிரி ஒரு தாளையும் பார்த்ததில்லை. காலையில் எழுந்ததும் கையை நீட்டச் சொல்லி ஒரு காலண்டர் தாளை வைத்துப் பார்ப்பேன். ஐந்தாவது வாரம் தாள் அசையாமல் கிடந்தது. நன்றாகத் தூங்கினாள். கன்னத்தில் சதை வைத்தது. தெருவில் "ஆளு தேறிட்டாகளே" என்றார்கள். எதையாவது செய்யட்டும் என்று நூல்கண்டைக் கொடுத்தேன். விரல்கள் அதுவாகவே பின்ன ஆரம்பித்தன. வெடி இல்லாத சரம் முழம் முழமாக மடியில் இறங்கியது.

ஆறாவது வாரம், நான் சோறு குழையவிட்ட ஒரு மத்தியானம், தட்டைத் தள்ளிவிட்டு, "ஏட்டி, கஞ்சி வடிக்கத் தெரியாத கழுத, ஒன்னயெல்லாம் எவன் வச்சு வாழுவான்?" என்றாள். இதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். பின்பக்கம் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முகத்தைக் கழுவிவிட்டு ஓசூருக்குப் போன் போட்டேன்.

"ஏலே, ஒங்கம்மா என்னய வஞ்சுட்டாடா!"

"என்ன அத்த, நல்ல சேதி மாதிரி சொல்றீக?"

"நல்ல சேதிதாம்லே."

மறுநாள் காலை ஐந்தரைக்கு மாத்திரை கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். டீ கேட்பாள், சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கொடுத்தபோது வாங்கிக் குடித்தாள். அதற்குப் பிறகு ஒரு நாளும் திட்டவில்லை. அந்த ஒரு மத்தியானம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று டாக்டரம்மாவுக்கும் தெரியவில்லை.

அந்த நாட்களில் ஒரு தடவை வேன் நிற்கிற இடத்துக்குப் போனேன். அந்தப் பெண்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. டீயோடு மாத்திரை போடாதீர்கள், அப்படியே மாற்றினாலும் நீங்களாக மாற்றாதீர்கள், டாக்டரிடம் சொல்லி ரத்தம் பாருங்கள், காலி டப்பாவை நீட்டி வாங்காதீர்கள் என்று கத்திச் சொன்னேன். எனக்கு மெதுவாகப் பேச வராது. ஒருத்தி மட்டும் நின்று கேட்டாள்.

"நீங்க சொல்றது சரிதான் சித்தி. ஆனா மாத்திரையப் போட்டுட்டு ஒரு மணி நேரம் டீ இல்லாம எப்படி அடுப்புல நிக்க? அந்த ஒரு மணி நேரத்த எனக்கு எந்தக் கம்பெனி குடுக்கும்?"

டிரைவர் ஹாரன் அடித்தான். ஏறிப் போய்விட்டாள். அவள் சொன்னதைத்தான் முதலில் யாராவது எழுத வேண்டும். எனக்கு எழுதத் தெரிந்தது இவ்வளவுதான்.

மூன்று மாதம் முடிந்து ரத்தம் பார்த்தோம். நம்பர் சரியாக இருந்தது. இருக்க வேண்டிய இடத்தில் கச்சிதமாக இருந்தது. மகன் வந்திருந்தான். டாக்டரம்மா தலைக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார். அந்தப் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டி, மூளை சுருங்க ஆரம்பித்திருக்கிறது, தைராய்டு சரியானதால் உடம்பு தேறியது, இது அப்படித் திரும்பாது என்றார். நான் மாத்திரையைப் பற்றி மறுபடியும் கேட்டேன். அவரும் மறுபடியும் அதையேதான் சொன்னார். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் மகனை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். டீ, டப்பா, நூற்று இருபத்தைந்து, ரத்தம் பார்க்காத ஆறு வருடம். ஒன்றையும் விடவில்லை.

"ஒங்கம்மாவுக்கு நான் செஞ்சதுதாம்லே இது."

"நீங்க வேணும்னேவா செஞ்சீக, அத்த? நான் கூட இருந்திருந்தா நான் பாத்திருக்கணும்."

"நீ என்னய நாலு வார்த்த வையி."

"எதுக்கு அத்த வையணும்? வஞ்சா அம்மாவுக்குச் சரியாயிருமா?"

நல்ல பிள்ளை. அவன் திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், அந்த வீட்டில் கொஞ்சம் சத்தமாவது இருந்திருக்கும். அவள் கூடத்தில் உட்கார்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வந்தவுகளுக்குத் தண்ணி குடுங்க" என்று அவனிடம் சொன்னாள். வந்தவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை கார் வந்தது. அவளுடைய சேலைகள், மாத்திரைகள், எந்த மாத்திரை எந்த நேரம் என்று நான் எழுதிய தாள், எல்லாவற்றையும் ஒரு பையில் வைத்துக் கொடுத்தேன். அவள் மறுக்கவில்லை. ஊருக்குப் போகிற பிள்ளை மாதிரி ஜன்னல் ஓரம் ஏறி உட்கார்ந்தாள். கார் கிளம்பும்போது என்னைப் பார்த்து, "போயிட்டு வாரேங்க. நீங்க நல்லா கவனிச்சுக்கிட்டீக" என்றாள். நீங்க என்றாள். அவளிடமிருந்து நேருக்கு நேராக நான் வாங்கிய ஒரே மரியாதை அதுதான். அதைக் கொண்டுபோய்க் குப்பையில் போட வேண்டும்போல இருந்தது.

இப்போது வீட்டில் நான் மட்டும்தான். வீடு அவள் மகனுக்குச் சொந்தம், எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருங்கள் என்று சொல்லியிருக்கிறான். எதற்காக என் புருஷன் போனான், எந்தச் சேலையில் வந்து நின்றேன், எங்கள் அம்மா சாகும்போது யார் பெயரைச் சொன்னாள் என்பதெல்லாம் தெரிந்த ஆள் உலகத்தில் அவள் ஒருத்திதான். என்னைப் பிடிக்காதவளாகவே இருந்தாலும் என்னைத் தெரிந்தவள் அவள்தான். இப்போது அதெல்லாம் எனக்கு மட்டும் தெரியும். ஒரு ஆளுக்கு மட்டும் தெரிந்தது நடந்ததா இல்லையா என்று சில நாள் எனக்கே சந்தேகம் வருகிறது.

ரத்தம் பார்க்கும்போதெல்லாம் மகன் ரிப்போர்ட்டைப் படம் எடுத்துச் செல்லுக்கு அனுப்புவான். நான் பெரிதாக்கிப் பார்ப்பேன். பெயர், வயது, நம்பர். ஒரு தடவை வயதைத் தப்பாக அச்சடித்திருந்தார்கள். கூப்பிட்டுச் சொன்னேன். "அது கெடக்கு அத்த, நம்பரு சரியா இருக்குல்ல" என்றான். சரியாகத்தான் இருந்தது. பிறகு அவன், "அம்மாகிட்ட பேசுறீகளா?" என்று கேட்டான். அதுவரை நான் பேசியதில்லை. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் போனை அவள் காதில் வைத்துவிட்டான்.

"யாரு பேசுறீக?"

"சிவகாசியில இருந்து பேசுறேன், மதினி."

"சிவகாசியா? எங்க வீடு அங்கனதான் இருக்கு. பெரிய வீடு. நீங்க அந்தப் பக்கமா?"

"ஆமா. பக்கத்துலதான்."

குரலைத் தாழ்த்தினாள். பக்கத்தில் யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலப் பேசினாள்.

"எங்க நாத்தனா ஒருத்தி இருக்கா. வாய்க்காரி. புருசன் விட்டுட்டான், பெட்டியத் தூக்கிக்கிட்டு வருவா. வந்தா உள்ள விட்டுராதீக, அப்புறம் போகவே மாட்டா."

எனக்குச் சிரிப்பு வந்ததா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை.

"சரி, விடல" என்றேன்.

"மறந்துராதீக" என்றாள்.